வாத்துக்கு யார் சொல்லிக்கொடுப்பது

என் வீட்டுக்காரர் பிள்ளைகளைத் தண்ணீரில் தள்ளிவிட்டுப் பிழைப்பவர். நான் பிள்ளைகளைத் தண்ணீரில் தாங்கிப் பிடித்துப் பிழைப்பவள். இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுப்பது ஒரே நீச்சல்குளம்தான். குளத்தின் நடுவே குறுக்காக ஒரு கயிறு, அதில் சிவப்பும் வெள்ளையுமாக மிதவைகள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஆழத்தில், அவர் ராஜ்யம். இந்தப் பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில், என் ராஜ்யம். ஊர் வாய் சும்மா இருக்குமா? அவருக்குத் ‘தள்ளு மாஸ்டர்’ என்று பெயர் வைத்தது. எனக்குத் ‘தாங்கு டீச்சர்’. பெற்றவர்கள் வைத்த பெயர் எங்களுக்கே சில சமயம் சட்டென்று ஞாபகம் வராது.

அவருடைய முறை ரொம்பச் சுருக்கமானது. பிள்ளையை ஆழமான பக்கத்துக் கரையில் கொண்டுபோய் நிறுத்துவார். தோளில் கை போட்டுக்கொள்வார். “உனக்கு எந்த கலர் பிடிக்கும் தங்கம்?” என்று தேன் ஒழுகக் கேட்பார். அதுவும் பாவம், யோசித்து, “நீ...” என்று ஆரம்பிக்கும். மிச்சம் ‘லம்’ தண்ணீருக்குள் போய்விடும். அது கை காலை உதறிக்கொண்டு மேலே வருவதற்குள் இவரும் பக்கத்தில் குதித்திருப்பார். “பாத்தியா, தானாவே வந்துட்ட!” என்பார். பிள்ளை இருமும், மூக்கைச் சிந்தும், அம்மாவிடம் போய் அழும். ஆனால் ஒரு வாரம் போனால் அதுவே கரையில் ஏறி ஏறிக் குதிக்கும். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

“உடம்புக்கு எல்லாம் தெரியும் டீச்சர். மூளைதான் குறுக்க வந்து நிக்குது. அது யோசிக்கறதுக்கு முன்னாடி உடம்ப உள்ள அனுப்பிடணும்,” என்பது அவர் வேதாந்தம். குளத்துக்குள் நுழைந்துவிட்டால் நான் அவருக்கு டீச்சர், அவர் எனக்கு மாஸ்டர். வீட்டிலும் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டால் சண்டை என்று அர்த்தம்.

என் முறை வேறு. முதலில் கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொள்ள வேண்டும். பிறகு முகம் கழுவ வேண்டும். பிறகு முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விட வேண்டும். குமிழி நன்றாக வந்த பிறகுதான் குப்புறப் படுப்பது. வயிற்றுக்கடியில் என் உள்ளங்கை இருக்கும். அந்தக் கை இருக்கிற தைரியத்தில் பிள்ளை கையைக் காலை அடிக்கும், பள்ளிக்கூடக் கதையெல்லாம் பேசும். ஒருநாள் அது பேச்சில் மும்முரமாக இருக்கும்போது நான் கையை எடுத்துவிடுவேன். அதற்குத் தெரியாது. பேசிக்கொண்டே நீந்திப் போகும். திரும்பிப் பார்த்தால் நான் எங்கேயோ நிற்பேன். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்காகத்தான் இந்த குளோரின் நாற்றத்தில், கண்ணெல்லாம் சிவந்து, உள்ளங்கை ஊறிப்போய்க் கிடக்கிறேன்.

“உன் கிளாஸ்ல சேந்த பையன் நீச்சல் கத்து முடிக்கறதுக்குள்ள அவனுக்கு மீசை முளைச்சிடும்,” என்பார் இவர்.

“உங்க கிளாஸ்ல சேந்த பையன் கலர் பேரச் சொன்னாலே அழறான்,” என்பேன் நான்.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு ஒரு பெண் பிறந்தால் என்ன ஆகும்? அவளை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த அன்றே ஆரம்பித்துவிட்டது. “நடக்க ஆரம்பிக்கட்டும், தூக்கிப் போட்டா தானா வந்துடுவா,” என்றார் இவர், தொட்டிலைப் பார்த்துக்கொண்டே. “தூக்கிப் போட்டுப் பாருங்க. அப்புறம் பெட்டியோட உங்க அம்மா வீட்டுக்குப் போயிடுங்க,” என்றேன் நான். பச்சை உடம்புக்காரியிடம் யார் வாய் கொடுப்பது? கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். எந்த முறை என்று இரண்டு பேரும் ஒத்துப்போகும்வரை யாரும் அவளுக்கு நீச்சல் சொல்லித்தரக் கூடாது.

ஒத்துப்போகவே இல்லை. அவளுக்குப் பல் முளைத்து, பல் விழுந்து, மறுபடி முளைத்து, நான்காம் வகுப்பும் வந்துவிட்டது. குளத்துக் கரையிலேயே வளர்ந்த பெண். டிக்கெட் கொடுக்கிற அக்கா மடியில் உட்கார்ந்து எழுத்து கற்றவள். பாதம் நனைக்கிற சின்னத் தொட்டியைத் தாண்டி ஈரம் பட்டதில்லை. அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் ‘வாத்து’. நக்கல்தான், வேறென்ன? இரண்டு நீச்சல் மாஸ்டர் பெற்ற பிள்ளை, நீச்சல் தெரியாத ஒரே பிள்ளை.

ஒருநாள் சாயங்காலம் வாத்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

“அம்மா, எங்க கிளாஸ் ஏரிக்கு கேம்ப் போகுது. கூடாரத்துல தூங்கணும். படகு எல்லாம் இருக்கு. நானும் சோடாபுட்டியும் ஒரே கூடாரம்னு பேசி வச்சுட்டோம்.”

சோடாபுட்டி என்பது அவள் பக்கத்தில் உட்காருகிற சிநேகிதி. கண்ணாடியைக் கழற்றினால் சுவரில் முட்டிக்கொள்வாள். அவளுக்கு நீச்சல் தெரியும். இவர் தள்ளிவிட்ட பிள்ளைதான்.

“போயிட்டு வாயேன்,” என்றேன்.

“நீச்சல் தெரிஞ்சவங்கதான் போகலாமாம். குளத்துல இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, குறுக்கால, பி.டி. சார் முன்னாடி நீந்திக் காட்டணும். உங்க குளத்துலதான்மா. இந்த மாசக் கடைசியில.”

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த இவர் கத்தியைக் கீழே வைத்தார். நான் அடுப்பை அணைத்தேன். எங்கள் மானம் எங்கள் குளத்திலேயே, எங்களிடம் பிள்ளையை அனுப்புகிற அத்தனை அம்மாக்கள் கண் முன்னாலேயே கப்பலேறப் போகிறது. முதலில் எனக்கு அதுதான் உறைத்தது, பொய் சொல்வானேன். ஆனால் ராத்திரி படுக்கை விரிக்கக் குனிந்தபோது கட்டிலுக்கடியில் ஒரு பை இருந்தது. திறந்து பார்த்தால் துண்டு, டார்ச் லைட், இரண்டு சட்டை, ஒரு பிஸ்கட் பாக்கெட். வாத்து மூட்டை கட்டி வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் மானமாவது மண்ணாங்கட்டியாவது என்று ஆகிவிட்டது. இந்தப் பை ஏரிக்குப் போயே ஆக வேண்டும்.

“சரி, நீயே மொதல்ல சொல்லிக்குடு,” என்றார் இவர். அவ்வளவு சுலபத்தில் இறங்கி வருகிற ஆள் இல்லை. நான் திணறுவதை உட்கார்ந்து பார்க்க ஆசை.

மத்தியானம் குளம் சுத்தம் செய்ய மூடுவார்கள். அப்போது அவளை இறக்கினேன். கால் நனைத்தாள், முகம் கழுவினாள், குமிழி விட்டாள். எல்லாம் அன்றைக்கே முடிந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து இத்தனை வருஷம் பார்த்ததெல்லாம் உள்ளே போயிருக்கிறது. குப்புறப் படுக்க வைத்து வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்தேன். காலைப் படபடவென்று அடித்தாள். பேசிக்கொண்டே போனாள். சோடாபுட்டி, கூடாரம், ஏரியில் முதலை இருக்குமா இருக்காதா என்று ஒரே கதை.

கையை எடுக்க வேண்டிய நேரம் வந்தது. எனக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. எத்தனையோ பிள்ளைகளுக்குக் கீழிருந்து எடுத்த கை. ஆனால் அன்றைக்கு எடு என்றால் கை எடுக்கவில்லை. அவள் வயிறு என் உள்ளங்கையில் ஏறி இறங்கியது. அந்தச் சின்ன வயிற்றின் சூடு தண்ணீரையும் மீறித் தெரிந்தது. இன்னொரு சுற்று போகட்டும், அப்புறம் எடுக்கலாம் என்றேன் என்னிடமே. இன்னொரு சுற்று போனது.

கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த இவர், “டீச்சர், கைய எடுங்க,” என்றார்.

“எடுக்கறேன், எடுக்கறேன். அவசரப்படுத்தாதீங்க.”

“கடலையே தீந்துபோச்சு.”

நாலைந்து நாள் இப்படியே ஓடியது. கடைசியில் வாத்தே தலையைத் தூக்கி, “அம்மா, நீ கைய எடுத்தாதானேம்மா நான் நீந்த முடியும்? இது உன் கையில படுத்திருக்கற மாதிரிதானே இருக்கு?” என்றாள். நான் சளி பிடித்துவிடும் என்று சொல்லி அவளைத் தூக்கிக் கரையில் விட்டேன்.

“நகருங்க,” என்று எழுந்தார் இவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கோயில் காளை மாதிரி நடந்து ஆழமான பக்கத்துக்குப் போனார். “தூரமா நில்லு. கத்தக் கூடாது. ஒரு நிமிஷ வேலை,” என்றார் என்னிடம். நான் வாயில் துணியை வைத்துக்கொண்டு உடை மாற்றும் அறை வாசலில் நின்றேன்.

அவளைக் கரையில் நிறுத்தினார். தோளில் கை போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உனக்கு எந்த கலர் பிடிக்கும் தங்கம்?”

“பச்சை,” என்றாள் வாத்து, முழுசாக. “தள்ளுங்கப்பா.”

இவர் தள்ளவில்லை.

“என்ன... என்ன பச்சை? இலைப் பச்சையா, கிளிப் பச்சையா?”

“கிளிப் பச்சை. தள்ளுங்க.”

“ம். சரி. எந்தப் பாடம் பிடிக்கும்?”

“கணக்கு.”

“கணக்கா? எங்க குடும்பத்துலயே யாருக்கும் கணக்கு வராதே... எந்த டீச்சர் எடுக்கறாங்க?”

இந்த மனுஷன் அன்றைக்கு அவளிடம் பிடித்த காய், பிடிக்காத காய், வகுப்பில் யார் யார் சண்டைக்காரர்கள், பெரியவளானதும் என்ன ஆகப் போகிறாள் என்று எல்லாம் விசாரித்தார். பெற்ற தகப்பன் மகளைப் பற்றி அவ்வளவு விஷயம் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். நின்று நின்று கால் வலித்து வாத்து கரையில் உட்கார்ந்துவிட்டாள். இவரும் உட்கார்ந்தார். தோளில் போட்ட கை அப்படியே, பசை போட்டு ஒட்டின மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“தண்ணி இன்னிக்கு சரியில்ல,” என்றார்.

“தண்ணிக்கு என்ன?”

“காத்து அடிக்குது. அலை வருது.”

நாலு சுவருக்குள், கூரை போட்ட குளத்தில் அலை வருகிறதாம். வேறு நாளாக இருந்தால் கை கொட்டிச் சிரித்து, ஒரு வருஷத்துக்கு அதை வைத்தே ஓட்டியிருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அவருக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தேன், அவர் தலை நனையவே இல்லை என்பதைக்கூட மறந்து.

மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. வாத்து தினமும் பையைப் பிரித்து, பிஸ்கட் பாக்கெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி கட்டினாள். நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சொல்லவே வாய் கூசுகிறது. பலூன் மாமா.

பலூன் மாமா யார் என்றால், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு லாட்ஜின் குளத்தை வாடகைக்கு எடுத்து நீச்சல் வகுப்பு நடத்துகிறவர். பிள்ளைகளின் இரண்டு கையிலும் காற்று ஊதின பிளாஸ்டிக் பட்டையை மாட்டிவிட்டு, தண்ணீரில் விட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து போனை நோண்டுவார். அவ்வளவுதான் வகுப்பு. அவர் நனைந்து யாரும் பார்த்ததில்லை. நானும் என் வீட்டுக்காரரும் வாழ்க்கையில் ஒத்துப்போன ஒரே விஷயம் பலூன் மாமாவைத் திட்டுவது. “பிள்ளைங்களுக்கு நீச்சலா சொல்லித்தர்றான்? மிதக்கற சாமான் வியாபாரம் பண்றான்,” என்று இவர் ஆரம்பித்தால், சாப்பாடு ஆறினாலும் பரவாயில்லை என்று நானும் சேர்ந்துகொள்வேன்.

அங்கேதான் வாத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். இவரிடம் டிராயிங் கிளாஸ் என்று சொல்லிவிட்டேன். முக்காடு, கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டுதான் போனேன். பலூன் மாமா என்னைப் பார்த்ததும், “வாங்க டீச்சர்!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். வாத்துக்கு ஆரஞ்சு நிறப் பட்டை இரண்டை மாட்டினார். பழசு, அழுக்கு, ஓரத்தில் ஒட்டுப் போட்டது. அதை மாட்டிக்கொண்டு அவள் ஏணியில் இறங்கினாள். நான் மாடி வராந்தாவுக்கு ஓடினேன். அங்கே பெரிய பெரிய பூந்தொட்டிகள் இருந்தன. ஒன்றின் பின்னால் உட்கார்ந்து எட்டிப் பார்க்கலாம் என்று குனிந்தால், அந்தத் தொட்டிக்குப் பின்னால் ஏற்கெனவே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது. நியூஸ் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தது. பேப்பருக்குக் கீழே தெரிந்தது எங்கள் குளத்தின் ரப்பர் செருப்பு.

“மாஸ்டர்,” என்றேன்.

பேப்பர் மெதுவாக இறங்கியது. திருதிருவென்று முழித்தார்.

“நீ எங்க இங்க? டிராயிங் கிளாஸ்னு சொன்ன?”

“நீங்க எங்க இங்க?”

“நான்... லாட்ஜ்ல ஒரு சிநேகிதர் வந்திருக்காரு.”

“தொட்டிக்குப் பின்னாடியா ரூம் போட்டிருக்காரு?”

அசடு வழிந்தது. பிறகு எல்லாம் வெளியே வந்தது. இவர் என்னை முந்திக்கொண்டிருந்தார். முடி வெட்டக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி வியாழக்கிழமையே அவளை இங்கே சேர்த்துவிட்டாராம். முடி ஏன் குறையவில்லை என்று எனக்கும் அன்றைக்குத் தோன்றத்தான் செய்தது. இன்றைக்கு பலூன் மாமாவிடம் ஏதோ கேட்க வந்தவர், நான் அவளை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து மாடிக்கு ஓடி ஒளிந்திருக்கிறார். அந்த வாத்தோ, அப்பாவின் ரகசியத்தை என்னிடம் சொல்லவில்லை, என்னோடு வந்து புதுசாகச் சேருகிறவள் மாதிரி அத்தனை சமர்த்தாகப் பட்டையை மாட்டிக்கொண்டாள். யாரைக் கொண்டு பிறந்தாளோ, திருட்டுக் கழுதை.

“வெக்கமா இல்ல உங்களுக்கு? இவன்கிட்ட கொண்டுவந்து விட்டிருக்கீங்களே?” என்றேன், கிசுகிசுவென்று.

“நீ மட்டும்?”

“நான் அம்மா. எனக்கு பயம்.”

“அப்பனுக்கு இருக்காதா?” என்றார். “கரையில நிக்கும்போது அவ தோள் என் உள்ளங்கைக்குள்ள அடங்கிப்போச்சு. அதத் தள்ளச் சொல்றியா நீ?”

எனக்கு அந்த மனுஷன்மேல் இத்தனை வருஷத்தில் வராத பாசம் அந்த இடத்தில் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. “நகருங்க, எனக்கும் தெரியணும்ல,” என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பேரும் தொட்டிக்குப் பின்னால் ஆஜர். வாத்துக்குத் தெரியாமல்தான். அப்படித்தான் நினைத்தோம். கீழே அவள் ஆரஞ்சுப் பட்டையோடு போவாள், வருவாள். பட்டை இருக்கிற தைரியத்தில் நாங்களும் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மூச்சு திரும்பினதும் பழைய புத்தியும் திரும்பியது.

“பாரு, கைய எப்படி வீசுறா. அது என் வீச்சு,” என்பார் இவர்.

“மூச்ச தண்ணிக்குள்ள விடறா பாருங்க. அது யாரோடதாம்?”

“மூச்சு எல்லாருக்கும் பொதுதான்.”

“கை மட்டும் உங்க சொத்தா?”

கீழே பலூன் மாமா போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.

பட்டையை எப்போது கழற்றுவது என்ற பேச்சு மட்டும் வரவே இல்லை. நான் பேச்சை எடுக்கட்டும் என்று அவர் இருந்தார், அவர் எடுக்கட்டும் என்று நான் இருந்தேன். நாளைக்குக் கழற்றச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டு, ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் பரீட்சை நாள்.

எங்கள் குளம் அன்றைக்குக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. நான்காம் வகுப்பு மொத்தமும் நீச்சலுடையில் நடுங்கிக்கொண்டு வரிசையாக நின்றது. அம்மாக்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பலூன் மாமாகூட வந்துவிட்டார், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. தள்ளு மாஸ்டர் பெண்ணே தன்னிடம் படித்தவள் என்று படம் பிடித்து விளம்பரம் போடத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பி.டி. சார் விசிலோடு கரையில் நின்றார். ஒல்லியான மனுஷர், சிரிக்கத் தெரியாதவர்.

சோடாபுட்டி கண்ணாடி இல்லாமல் குதித்து, கொஞ்சம் கோணலாகப் போய், எப்படியோ அந்தக் கரையைக் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்தது வாத்து. அவள் இரண்டு கையிலும் ஆரஞ்சுப் பட்டையோடு வந்து நின்றாள்.

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“அதக் கழட்டும்மா,” என்றார் பி.டி. சார்.

“சார்,” என்றேன் நான். என் வாய்தானா அது என்று இன்றைக்கும் சந்தேகமாக இருக்கிறது. “பட்டையோடயே ஒரு தடவ போகட்டுமே சார். மெதுவா பழகட்டும்.”

“இல்லன்னா ஒரு கைக்கு மட்டும் இருக்கட்டும் சார்,” என்றார் இவர், பக்கத்திலிருந்து. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பிடித்துத் தள்ளினவர். அம்மாக்கள் எல்லோரும் இவரைப் பார்த்தார்கள்.

பி.டி. சார் எங்கள் பனியனில் எழுதியிருந்ததைப் படித்தார். “நீங்க ரெண்டு பேருமே இங்க நீச்சல் சொல்லித்தர்றவங்கதானே?” என்று கேட்டார்.

“பட்டையோட நீந்துனா செல்லாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்,” என்று விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

கட்டிலுக்கடியில் இருந்த பை என் கண் முன்னால் வந்தது. கழற்று என்று சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. பக்கத்தில் இவரும் வாயைத் திறந்துகொண்டு நின்றார், பிடித்த கலரைக் கேட்டால் முழிக்குமே அந்தப் பிள்ளைகள், அதே மாதிரி.

வாத்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தானே ஒரு பட்டையை உருவினாள். இன்னொன்றையும் உருவினாள். எங்களிடம் நடந்து வந்து ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தாள். வாங்கிப் பிடித்ததும் பட்டைக்கு இரண்டு பக்கமும் இருந்த என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உள்ளே ஒன்றுமே இல்லை. பிளாஸ்டிக் பழசாகி விறைத்துப் போனதால்தான் காற்று இருக்கிற மாதிரி தெரிந்திருக்கிறது.

“இதுல காத்தே இல்லையேடி!” என்றேன்.

“எப்பவுமே இருந்ததில்லம்மா. ஓட்டை. ஊதினா நான் ஏணியில இறங்கறதுக்குள்ள போயிடும்.”

“என் பட்டையில ஓட்டையா?” என்று அந்தப் பக்கத்திலிருந்து பலூன் மாமா அலறினார். “எந்தப் பிள்ளையும் சொல்லலையே!”

“அப்புறம் ஏண்டி தினமும் மாட்டிக்கிட்ட?” என்று கேட்டார் இவர்.

“நீங்க ரெண்டு பேரும் மேல தொட்டிக்குப் பின்னாடி உக்காந்து பாத்துட்டு இருந்தீங்கல்ல?” என்றாள் வாத்து. “இது இல்லாம எறங்கினா பயந்துருப்பீங்க.”

இத்தனை நாளும் அவள் வெறும் கையோடுதான் நீந்தியிருக்கிறாள். அந்தப் பட்டை எங்களுக்காகப் போட்டது.

“நான் வர்ற வரைக்கும் ஆளுக்கு ஒண்ணு புடிச்சுக்கங்க. குதிக்கக் கூடாது, ரெண்டு பேரும்,” என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுக் கரைக்குப் போனாள். விசில் அடித்தது.

குதித்தாள். தலை உள்ளே போனது. எங்கே, எங்கே என்று என் கண் தேடுவதற்குள் மேலே வந்துவிட்டது. கையை வீசினாள், காலை அடித்தாள், மூக்கிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. நடுக்குளத்தில் ஒருமுறை திணறினாள். என் வலது கை என்னை அறியாமல் முன்னால் நீண்டு, மல்லாந்து, காற்றைத் தாங்கிக்கொண்டு நின்றது. கால் ஒரு அடி முன்னால் போனது. பட்டையை இறுக்கிப் பிடித்தேன். குதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

பக்கத்தில் புஸ் புஸ் என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கண்ணை மகள்மேல் வைத்துக்கொண்டு, பட்டையின் மூக்கை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். கன்னம் உப்பி, முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்ட ஊதிக்கொண்டிருந்தார். ஊத ஊத அது ஓட்டை வழியாக இறங்கிக்கொண்டே இருந்தது. வாத்து அந்தக் கரையைத் தொட்டு, திரும்பி, எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். அப்போதும் அவர் நிறுத்தவில்லை.